ஊசி போடாத பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தச் சொல்லலாமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு, இளையவனுக்கு ஐந்து மாதம். எங்கள் தளத்திலேயே இருக்கும் ஒரு குடும்பத்தின் பையனும் மகளின் வகுப்புதான். இரண்டு பேரும் எந்நேரமும் ஒன்றாக விளையாடுகிறவர்கள். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி, அப்புறம் அவனுக்கு ஒரு தடுப்பூசியும் போடவில்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. அவர்கள் மரபுவழி வாழ்க்கைமுறையை நம்புகிறவர்கள். அந்த அக்கா எனக்கு ரொம்ப வேண்டியவர். பிரசவம் முடிந்து வந்தபோது பத்தியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. விஷயம் எப்படியோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. 'தடுப்பூசி போடாத பிள்ளைகளைப் பள்ளியில் வைத்திருக்கக் கூடாது' என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பாலோர் ஆமாம் என்றார்கள். இப்போது பிரின்சிபாலிடம் மனு கொடுக்கக் கையெழுத்து வாங்குகிறார்கள். 'நம்ம பிள்ளைகளுக்குப் போட்டாச்சு, அடுத்த வீட்டுக் கதை நமக்கெதுக்கு' என்கிறார் கணவர். தடுப்பூசி சட்டப்படி கட்டாயமா? நான் கையெழுத்துப் போடலாமா? என் கைக்குழந்தைக்கு ஆபத்து உண்டா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கையெழுத்து விஷயம் இரண்டு நாள் காத்திருக்கும், கைக்குழந்தை விஷயம் அப்படி இல்லை.

ஐந்து மாதம் என்றால் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்துத் தடுப்பூசிகள் முடிந்திருக்க வேண்டும். அட்டையை எடுத்துப் பாருங்கள். பென்டாவேலன்ட் மூன்று தவணையும் குறித்திருந்தால் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி (டெட்டனஸ்), பி வகை மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் அடிப்படைப் பாதுகாப்பு வந்துவிட்டது. போலியோ, ரோட்டா வைரஸ், நிமோனியா தடுப்பு மருந்துகளும் அதே நாட்களில் சேர்ந்தே போயிருக்கும். மிச்சமிருக்கும் பெரிய கவலை தட்டம்மை. நம் பக்கத்தில் மணல்வாரி என்பார்கள். அதற்கு முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் ரத்தத்தில் தங்கியிருக்கும்வரை அந்த ஊசி முழுசாக வேலை செய்யாது, அதனால்தான் காத்திருக்கிறோம். ஆனால் அந்தத் தாய்வழிச் சக்தி பல குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆக, இனி வரும் மூன்று நான்கு மாதம் உங்கள் மகனுக்குச் சொந்தக் கவசம் கிடையாது. சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டதுதான் அவனுக்குப் பாதுகாப்பு.

உங்கள் கணவருக்கான பதிலும் இதில் அடங்கிவிட்டது. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில் தட்டம்மை வந்த ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அவர் அறையை விட்டுப் போன பிறகும் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே தொற்றவும் ஆரம்பித்துவிடும். வெறும் சளிக் காய்ச்சல் என்று நினைத்துப் பிள்ளையை லிஃப்டில் அழைத்துப் போகிற நாட்கள் அவை. இதை நிறுத்த வேண்டுமானால் ஒரு ஊரில் நூற்றுக்கு 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். போட்டவர்களிலும் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குச் சக்தி பிடிக்காமல் போவதுண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போடவே முடியாது. அடுத்த வீட்டுக் கதையெல்லாம் நம் வீட்டுக் கதையும்தான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அதற்காகப் பயந்துவிட வேண்டாம். ஊசி போடாத பிள்ளை நோய் பிடித்த பிள்ளை அல்ல. அந்தப் பையன் உடம்பில் இன்று எந்தக் கிருமியும் உட்கார்ந்திருக்கவில்லை. ஊருக்குள் நோய் வந்தால் அவனுக்குச் சுலபமாகப் பிடிக்கும், பிடித்தால் வகுப்பில் மற்றவர்களைவிட அவன் மூலம் பரவும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. மகளுக்குத் தட்டம்மை ஊசி இரண்டு தவணை ஆகியிருக்கிறதா, 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்குமானது) ஊக்க ஊசி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறைய வீடுகளில் ஒன்றரை வயதோடு அட்டை பீரோவுக்குள் போய்விடும், இந்தக் கடைசி ஊசி மறந்தே போகும். மகனுக்கு ஒன்பது மாதம் நிறையும் தேதியைக் காலண்டரில் குறித்து, ஊருக்குப் போகிறோம், சளி பிடித்திருக்கிறது என்று தள்ளாமல் போட்டுவிடுங்கள். சாதாரணச் சளி ஊசிக்குத் தடை இல்லை. ஒருவேளை உங்கள் பகுதியில் தட்டம்மை பரவுவதாகத் தகவல் வந்தால் உடனே உங்கள் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். 2022ல் மும்பையில் தட்டம்மை வேகமாகப் பரவியபோது, கைக்குழந்தைகள் அதிகம் பாதிக்கப்பட்ட இடங்களில் ஆறு மாதத்திலேயே கூடுதலாக ஒரு தவணை போட மத்திய அரசு வழிகாட்டியது. அந்த வழி இருக்கிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

இந்தியாவில் குழந்தைத் தடுப்பூசி கட்டாயம் இல்லை. அரசு இலவசமாகத் தருகிறது, வீடு தேடி வந்து வற்புறுத்துகிறது, ஆனால் போடாத பெற்றோருக்கு அபராதமோ தண்டனையோ விதிக்கிற நாடு தழுவிய சட்டம் கிடையாது. பெரியம்மைக்காக வெள்ளைக்காரர் காலத்தில், 1880ல், ஒரு கட்டாயச் சட்டம் வந்தது. பெரியம்மை ஒழிந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது. கொரோனா ஊசி தொடர்பான வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, தன் உடல் மீதான உரிமை அரசமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்றது. பொதுச் சுகாதாரத்துக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளியில் தட்டம்மை, ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி போடக் கூடாது என்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது.

உங்கள் குழுவினர் கவனிக்காத இன்னொரு சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை பள்ளிப் படிப்பு குழந்தையின் உரிமை. சேர்த்துக்கொண்ட பிள்ளையை எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியை விட்டு நீக்க முடியாது. தடுப்பூசி அட்டை இல்லை என்பதை ஒரு காரணமாக அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆக, பிரின்சிபால் உங்கள் மனுவை வாங்கி வைத்துக்கொள்ளலாம், அதன்படி நடக்க அவருக்கு அதிகாரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் எப்படி இருந்தாலும், கட்டாயமாக்குவது நியாயம்தானே என்று நீங்கள் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் ஆமாம் போட்டவர்கள் கேட்டதும் அதுதான். அங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. தடுப்பூசி நல்லதா என்பது ஒன்று. போடாதவர்களை அரசு கட்டாயப்படுத்தலாமா என்பது வேறு. முதல் கேள்விக்கு ஆமாம் என்கிறவர்கள் எல்லாரும் இரண்டாவதுக்கும் ஆமாம் சொல்வதில்லை. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023ல் எடுத்த கருத்துக்கணிப்பைப் பாருங்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசியில் ஆபத்தைவிட நன்மை அதிகம் என்றவர்கள் 88 சதவீதம். கொரோனாவுக்கு முன், 2019லும் அதே 88தான். ஆனால் பள்ளியில் சேர அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றவர்கள் 2019ல் 82 சதவீதமாக இருந்து 70க்கு இறங்கிவிட்டார்கள். ஊசி மேல் இருந்த நம்பிக்கை அப்படியே இருக்கிறது, கட்டாயத்தின் மேல்தான் கசப்பு ஏறியிருக்கிறது. கொரோனா காலத்தில் கட்டளைகள் அடுத்தடுத்து வந்தது அதற்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

நம் ஊரிலும் இந்த வாதம் புதிதல்ல. காசநோய்க்கான பி.சி.ஜி ஊசியை ஊர் ஊராகப் போட்டபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை, ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்ட மறு வருடம், 1955ல், அதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். அவருடைய காரணங்கள் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் பின்னால் நடந்தது சுவாரஸ்யமானது. 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானவர்களை வைத்து பி.சி.ஜி உண்மையில் வேலை செய்கிறதா என்று பெரிய ஆய்வு தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அதை மூடி மறைக்காமல் உலகத்துக்கே சொன்னார்கள். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயை பி.சி.ஜி தடுக்கிறது என்பது மற்ற ஆய்வுகளில் உறுதியானதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். தடுப்பூசி வியாபாரம், எல்லாம் மூடுமந்திரம் என்று யாராவது சொன்னால் நான் இந்தச் செங்கல்பட்டுக் கதையைச் சொல்வது வழக்கம்.

சந்தேகம் வரும்போது நம் மாநிலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு கைக்குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாடே கலங்கிப்போனது. அதன் பிறகு கிராமத்துக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைத்துப் போட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்ததுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எல்லா அடிப்படைத் தடுப்பூசியும் பெற்ற ஒரு வயதுக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06ல் 80.9 சதவீதம். பத்து வருடம் கழித்து 69.7. முன்னோடி மாநிலம் என்று பெயர் வாங்கிய நாம் பதினோரு புள்ளி கீழே இறங்கியிருந்தோம். இதற்குக் காரணம் ஒன்று மட்டும் அல்ல. ஆனால் அத்தனை பெற்றோரும் ஊசியை எதிர்த்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பயம் பாதி, தூரம் பாதி. அடுத்த கணக்கெடுப்பில், 2019-21ல், அது 89.2க்கு ஏறியது. இடையில் எந்தக் கட்டாயச் சட்டமும் வரவில்லை.

2017 பிப்ரவரி உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை தமிழ்நாட்டில் 1.76 கோடிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி என்று அறிவித்தார்கள். ஊசி தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் தொடங்கிவிட்டன. பிள்ளைப் பேறு இல்லாமல் போகும், வெளிநாட்டுச் சதி, அந்த ஊரில் இத்தனை பிள்ளைகள் செத்தார்கள் என்று விதவிதமாக. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போது நான் போயிருந்த ஒரு பள்ளியில் ஒரு தகப்பனார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, செல்போனை ஸ்பீக்கரில் வைத்து, அப்படி ஒரு குரல் பதிவை எல்லாருக்கும் கேட்கப் போட்டார். கிராம சுகாதார செவிலியர் அவரோடு வாதாடவில்லை. மேசைக்கு வரச் சொல்லி மருந்துக் குப்பியைக் கையில் கொடுத்தார். குப்பியின் மேலே ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். மருந்து வெப்பத்தில் கெட்டுப்போனால் உள்ளே இருக்கும் சதுரம் கறுத்துக்கொண்டே வந்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிடும். இது இன்னும் வெள்ளையாக இருக்கிறது பாருங்கள் என்றார். தூளைக் கரைக்க அதனோடு வந்த நீரைத்தான் எடுக்கிறேன், வேறெதையும் எடுக்கமாட்டேன், இரண்டின் மேலும் பெயரும் தேதியும் நீங்களே படியுங்கள் என்றார். கரைத்தவுடன் குப்பியில் நேரத்தை எழுதினார். நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சம் இருந்தாலும் கொட்டிவிடுவோம். ஊசி ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், இன்னொரு பிள்ளைக்குப் போட நினைத்தாலும் முடியாது. போட்ட பிறகு அரை மணி நேரம் இங்கேயே உட்கார வேண்டும். இதெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம் உங்கள் இஷ்டம் என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அந்தத் தகப்பனார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மகளை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்தச் செவிலியர் காட்டியது சும்மா ஒரு சடங்கு இல்லை. பசிபிக் கடலில் சமோவா என்று ஒரு தீவு நாடு, இரண்டு லட்சம் பேர்தான். 2018 ஜூலையில் அங்கே இரண்டு குழந்தைகள் ஊசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. தடுப்பூசியில் குற்றமில்லை; தூளைக் கரைக்க நீருக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்தைத் தவறுதலாகக் கலந்திருந்தார்கள். அரசு மாதக்கணக்கில் அந்தத் தடுப்பூசியை நிறுத்தி வைத்தது. மக்களும் விலகிப் போனார்கள், எதிர்ப்பாளர்களின் குரல் ஓங்கியது. மறு வருடமே தட்டம்மை உள்ளே வந்தது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பிறகு நெருக்கடி நிலை அறிவித்து, ஊசியைக் கட்டாயமாக்கி, டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடினார்கள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள், குழுக்கள் வீடு வீடாகப் போய்ப் போட்டன. கட்டாயம் அங்கே வேலை செய்தது. ஆனால் அது வந்தபோது சின்னச் சவப்பெட்டிகள் போய்ச் சேர்ந்திருந்தன.

பணக்கார நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி பாதுகாப்பற்றது என்று மூன்றில் ஒருவர் சொன்ன நாடு பிரான்ஸ். 2018ல் அங்கே கட்டாயத் தடுப்பூசிகளை மூன்றிலிருந்து பதினொன்றாக்கினார்கள், போடுவோர் எண்ணிக்கை ஏறியது. ஜெர்மனியில் 2020 முதல் தட்டம்மை ஊசி இல்லாமல் பள்ளி போனால் 2,500 யூரோ வரை அபராதம். கலிஃபோர்னியாவில் சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குப் பெறுவதை 2015ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஊசி போட்டவர்கள் கூடினார்கள், கூடவே மருத்துவக் காரணம் என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்குகிறவர்களும் கூடினார்கள். நம் ஊர் ஹெல்மெட் சட்டம் மாதிரிதான்: போலீஸ் நிற்கும் சிக்னலில் தலையில் இருக்கும், மற்ற நேரம் கைப்பிடியில் தொங்கும். ஆனாலும் இந்த நாடுகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஊசி தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது, பக்கவிளைவு வந்தால் இழப்பீடு தர அரசின் ஏற்பாடு இருக்கிறது. கட்டாயப்படுத்துகிற அரசு அந்தப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நம்மிடம் பக்கவிளைவுகளைப் பதிவு செய்து விசாரிக்கும் முறை இருக்கிறது. இழப்பீட்டுக்கென்று தனித் திட்டம் இல்லை. அது வராமல் கட்டாயச் சட்டம் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அதனால், கேட்டதற்கு நேரடியாகவே சொல்கிறேன்: அந்த மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம். அக்கா உங்களுக்கு வேண்டியவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த மனு நிறைவேறினாலும் அந்தப் பையனுக்கு ஊசி விழாது. அவன் வீட்டிலிருந்தே படிப்பான், அல்லது கேள்வி கேட்காத இன்னொரு பள்ளிக்குப் போவான். சாயங்காலம் உங்கள் தளத்தில்தான் விளையாடுவான். அது மட்டுமல்ல. அட்டை இல்லாவிட்டால் பள்ளி இல்லை என்று ஒரு விதி வந்தால் முதலில் அடிபடப் போவது கொள்கைக்காகப் போடாத ஒரு சில வீடுகள் இல்லை. உங்கள் ஊரிலும் திருப்பூரிலும் கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கிறவர்களின் பிள்ளைகள்தான். பாதி ஊசி ஊரில், மீதி எங்கே என்று தாய்க்கே தெரியாது. அட்டை இந்தியில் இருக்கும், அல்லது ரயிலில் தொலைந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பள்ளியும் வேண்டும், ஊசியும் வேண்டும்.

மனுவே கொடுக்கக் கூடாது என்கிறேனா? இல்லை. வேறொரு மனு எழுதுங்கள். எல்லாப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் பள்ளி ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும். விட்டுப்போனவர்கள் பட்டியலைக் குழுவில் போடாமல், பெற்றோரிடம் தனியாகச் சொல்லட்டும். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி, பள்ளியிலேயே ஒரு முகாம் வைக்கட்டும். வகுப்பில் யாருக்காவது தட்டம்மை உறுதியானால், ஊசி போடாத பிள்ளைகள் 21 நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதி வைக்கட்டும். இந்தக் கடைசி நிபந்தனை நியாயமானது. நோய் இருக்கும்போது மட்டும், கொஞ்ச நாள் மட்டும், அந்தப் பிள்ளையின் நலனுக்கும் சேர்த்து. இப்படி ஒரு மனு என்றால் உங்கள் பிரின்சிபாலால் செய்ய முடியும், கல்வி உரிமைச் சட்டமும் குறுக்கே வராது. நம் மாநிலம் இப்படித்தான் செய்து வந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தரும் 18,000 ரூபாயில் பிரசவத்துக்குப் பிந்தைய தவணைகளைக் குழந்தையின் தடுப்பூசியோடு இணைத்திருக்கிறார்கள். மிரட்டாமல் கைபிடித்து இழுக்கிற முறை அது.

இனி அக்கா. இதுதான் உண்மையில் கஷ்டமான பகுதி, உங்களால் மட்டுமே முடிகிற பகுதியும் இதுதான்.

குழுவில் பேசாதீர்கள். லிங்க் எதுவும் அனுப்பாதீர்கள். வகுப்புக் குழுவில் பேர் அடிபட்ட அவமானத்தில் இருப்பார். அந்த நேரத்தில் யாரும் மனசை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். கையெழுத்துப் போடவில்லை என்று முதலில் சொல்லுங்கள். பிறகு, என்ன பயம் அக்கா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மரபு, இயற்கை என்ற வார்த்தைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் குறிப்பான ஒரு பயம் இருக்கும். சொந்தத்தில் யாரோ ஒரு குழந்தைக்கு ஊசி போட்ட இரவு காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கும். தட்டம்மை ஊசிக்குப் பிறகு சில ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு அப்படிக் காய்ச்சல் வலிப்பு வருவது உண்மை. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பின்னால் கெடுதல் எதையும் விட்டுப் போவதில்லை. இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆட்டிசம் வரும் என்று கேட்டால், அந்தப் பேச்சு 1998ல் பிரிட்டனில் வந்த ஒரு கட்டுரையில் தொடங்கியது, பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து எழுதியது, 2010ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவர் மருத்துவர் பதிவையே இழந்தார் என்று சொல்லலாம். டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2019ல் வெளியிட்ட ஆய்வில் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை.

எங்க பாட்டி காலத்தில் என்ன ஊசி இருந்தது என்பார். பாட்டி எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது என்று மெதுவாகக் கேளுங்கள். அம்மை கண்டால் வேப்பிலை கட்டுவதையும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கும் ஊசிக்கும் சண்டையே இல்லை. அப்புறம் இன்னொன்று. மற்ற நோய்களிலாவது நம் பிள்ளைகள் போட்டுக்கொண்டது அவனையும் கொஞ்சம் காப்பாற்றும். ரண ஜன்னி அப்படி இல்லை. அது ஆளிடமிருந்து ஆளுக்கு வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. முள் குத்தினாலோ துருப்பிடித்த தகரம் கிழித்தாலோ ஊரே ஊசி போட்டிருந்தாலும் அவனுக்கு உதவாது. இயற்கையோடு வாழ வேண்டும் என்று பிள்ளையைச் செருப்பில்லாமல் மண்ணில் விளையாட விடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். புரிந்துகொண்ட பலரைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் வேண்டாம், இது ஒன்று மட்டும் என்று அவர் இறங்கி வந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஊசிக்கு வந்தவர்கள் இரண்டாவதுக்கும் வருவார்கள்.

அவர் சம்மதித்தால் நாள் கடத்த வேண்டாம், ஒரு கெடு இருக்கிறது. முத்தடுப்பு ஊசியை ஏழு வயது முடிவதற்குள்தான் போடலாம்: நான்கு வார இடைவெளியில் மூன்று, ஆறு மாதம் கழித்து ஒரு ஊக்க ஊசி. ஏழு தாண்டிவிட்டால் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் வேறு ஊசி போட வேண்டியிருக்கும். தட்டம்மைக்கு இரண்டு தவணை, நான்கு வார இடைவெளியில். முதல் நாளே முத்தடுப்போடு சேர்த்து வேறு கையில் போட்டுக்கொள்ளலாம். அரசு நிலையத்தில் அவன் வயதுக்கு எதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும், எதை வெளியே வாங்க வேண்டும் என்று செவிலியர் சொல்வார். பிறந்தபோது போட்டதற்கான சீட்டு இருந்தால் எடுத்துப் போகச் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பமாட்டார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையிலேயே போய்விட்டால் கூட்டம் சேர்வதற்கு முன் அவர் கேட்க நினைத்த கேள்விகளையெல்லாம் கேட்டுவிடலாம். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.